கூரை ஒழுகுகிறது என்றால் ஊருக்குப் போ என்பதா?



மழைக்காலம் பிறந்துவிட்டால் நம் சங்க அலுவலகத்துக்கு இரண்டு வகையானவர்கள் வருகிறார்கள். "கூரை ஒழுகுகிறது, வீட்டுக்காரர் வந்து பார்க்கவே மாட்டேன் என்கிறார்" என்று வருகிறவர்கள் ஒரு வகை. "குடிவைத்தவன் தினம் ஒரு குறை சொல்லி உயிரை வாங்குகிறான், காலி செய்ய வழி சொல்லுங்கள்" என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. நம் மூத்தவர்கள் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் முதல் வகையினர்தாம் வந்தார்கள். இன்றோ இரண்டாம் வகை பெருகியிருக்கிறது.

காரணம் நாம் அறிந்ததே. தாராவியில் நம்மவர் பலர் கீழே தாங்கள் இருந்துகொண்டு, மேலே ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சிலர் கல்யாண், டோம்பிவிலி பக்கம் குடிபோய்விட்டு, பழைய ரூமுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை. தோல் ஷெட்டிலும் மில்லிலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேர்வை சிந்திச் சேர்த்த காசு அது. ஓய்வூதியம் இல்லாத பெரியவருக்கு அந்த வாடகைதான் ஓய்வூதியம். கணவனை இழந்த அக்காவுக்கு அதுதான் அரிசியும் பருப்பும். வீடு வைத்திருப்பவரை எல்லாம் பகைவர் என்று சொல்லும் அறிவிலிகள் அல்ல நாம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஐந்தாம் தேதி வாடகைக்கு நீளும் கை, பழுது என்று சொன்னவுடன் மட்டும் ஏன் மடங்கிக்கொள்கிறது?

எந்த வாயிலிருந்து எந்தச் சொல்?

"இஷ்டமிருந்தால் இரு; இல்லாவிட்டால் உன் ஊருக்குப் போ!" இந்தச் சொல்லை நம் தமிழர் வாயிலிருந்து கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது. கேட்டுக்கொண்டு நிற்பவர் யார்? பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்து, தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கும் தொழிலாளி. சில சமயம் நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்தே புதிதாக வந்த இளங்குடும்பம்.

இந்தச் சொல்லை நாம் மறக்கலாமா? 1966 ஜூன் மாதம் சிவசேனை தொடங்கப்பட்ட பிறகு, அதன் முதல் குறி தென்னாட்டார். லுங்கி கட்டியவர்களை ஏளனம் செய்தார்கள்; தென்னாட்டார் நடத்திய ஓட்டல்களைத் தாக்கினார்கள். "உன் ஊருக்குப் போ" என்று நம் தாத்தாக்களைப் பார்த்துக் கூவினார்கள். 2008-ல் அதே கூச்சல் வடநாட்டுத் தொழிலாளர் மேல் திரும்பியது. டாக்சி ஓட்டியவர்களும் தெருவில் விற்றவர்களும் அடிபட்டார்கள். நம் முதுகில் விழுந்த கழியை நாமே எடுத்து, நமக்குப் பின் வந்தவன் முதுகில் போடுவதா? அதுவும் எதற்காக? ஒரு தார்ப்பாய்க்கும் நாலு தகட்டுக்கும்!

புகார் என்பது கோரிக்கை

நம்மில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்குத் தெரியும். குழாய் உடைந்தால் பணிமனை ஆபீசுக்குப் போகிறோம், புகார்ப் புத்தகத்தில் எழுதுகிறோம். ஆள் வரத் தாமதமானால் மறுபடியும் போகிறோம். அதற்கும் மேல் சங்கத்தின் மூலம் கேட்கிறோம். அப்படிக் கேட்பதை யாராவது "தொல்லை" என்றால் நமக்குக் கோபம் வராதா? சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள், வீட்டுக்கு உரிய வசதியைக் கேட்கிறோம், அவ்வளவுதானே! ஆலையில் கொடுப்பது கோரிக்கை மனு, வீட்டில் கொடுப்பது மட்டும் நச்சரிப்பா?

வாடகை என்பது நாலு சுவருக்கு மட்டும் கொடுக்கும் கூலி அல்ல. நனையாமல் படுக்க, ஷாக் அடிக்காமல் விளக்குப் போட, பயமில்லாமல் ஏணியில் ஏற, அதற்குத்தான் வாடகை. இதையும் எண்ணிப் பாருங்கள்: ஆண் வேலைக்குப் போய்விடுகிறான். ஒழுகும் கூரையின் கீழே பாத்திரம் வைத்து வைத்து எடுப்பவள், ஈரத் தரையில் பிள்ளையைத் தூங்கவைப்பவள் அந்த வீட்டுப் பெண். அவள் நாலு முறை போன் செய்தால், நாலு முறை நனைந்தாள் என்று பொருள்.

வீட்டுக்காரர் சொல்லும் மூன்று சாக்கு

முதல் சாக்கு: "வாடகை கட்டுப்படியாகவில்லை." இந்த வாதத்துக்கு இந்த நகரத்தில் ஒரு வரலாறு உண்டு. 1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி நிலவரத்தை ஒட்டிக் கட்டிப்போட்டது. வாடகை ஏறவில்லை, சிமெண்டும் கூலியும் ஏறின. வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதை விட்டார்கள். கட்டடங்கள் இடியத் தொடங்கின. 1969-ல் அரசே சட்டம் செய்து, வரி பிரித்து, பழுது பார்க்கத் தனி வாரியம் அமைக்க நேர்ந்தது. பகடி கொடுத்துக் குடியேறிய அந்தப் பழைய வீடுகளுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். நம்மவர் விடும் ரூமுக்குப் பொருந்துமா? டிபாசிட் கையில், வாடகை இன்றைய மார்க்கெட் விலையில், பதினொரு மாதம் முடிந்தவுடன் அதிலும் உயர்வு. 1940-ஆம் ஆண்டு வாடகை வாங்குபவர் சொல்லும் சாக்கை, இன்றைய வாடகை வாங்குபவர் சொல்லலாமா?

இரண்டாம் சாக்கு: "கட்டடம் வரப்போகிறது, இடிக்கப்போகும் வீட்டில் ஏன் காசைப் போடவேண்டும்?" தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு ஒப்புதல் கொடுத்தது 2004-ல். அன்றிலிருந்து எத்தனை டெண்டர், எத்தனை அறிவிப்பு! ஆனால் ஜூன் மாத மழை ஓர் ஆண்டாவது டெண்டருக்காகக் காத்திருந்ததா? இடிக்கும் நாள் வரை வாடகை வாங்குவீர்கள் என்றால், இடிக்கும் நாள் வரை பழுதும் பார்க்கத்தான் வேண்டும்.

மூன்றாம் சாக்கைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள், நாம் சொல்கிறோம். "எழுத்தில் புகார் வாங்கினால், ரசீது கொடுத்தால், நாளைக்கு அவன் வீட்டில் உரிமை கொண்டாடுவான்." இந்தப் பயத்தால்தான் ரசீதும் இல்லை, பத்திரமும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. ஆனால் உண்மை தலைகீழானது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, 55-ஆம் பிரிவின்படி பத்திரம் எழுதிப் பதிவு செய்யவேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதியாமல் விட்டு வழக்கு வந்தால், என்ன நிபந்தனையில் குடிவந்தேன் என்று குடித்தனக்காரர் சொல்வதையே, வேறு நிரூபிக்கப்படாதவரை, மன்றம் ஏற்கும். தண்டனையும் உண்டு. எழுத்துக்குப் பயந்து ஓடுகிறவர் சட்டத்தின் வாயிலேயே போய் விழுகிறார்!

ஏழு குறையும் ஒரு குறை அல்ல

நம் சங்கத்துக்கு வரும் வழக்குகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்மாடிக் குடித்தனக்காரர் ஏழு குறை சொல்கிறார்: கூரை ஒழுகல், சுவரைத் தொட்டால் ஷாக், இரும்பு ஏணி ஆட்டம், குழாய்ச் சொட்டு, கதவுத் தாழ்ப்பாள், சந்துச் சாக்கடை அடைப்பு, பக்கத்து வீட்டு டி.வி. சத்தம். "பாருங்கள், ஏழு புகார்! இவன் வாடகை கொடுக்காமல் இருக்க வழி தேடுகிறான்" என்கிறார் அண்ணாச்சி. இருவரையும் உட்காரவைத்து, ஒரு தாளில் கோடு போட்டுப் பிரித்தால் நிலைமை தெளிகிறது.

கூரை, வயரிங், ஏணி மூன்றும் வீட்டுக்காரர் பொறுப்பு, உயிர் சம்பந்தப்பட்டவை. தகரச் சுவரும் நைந்த வயரும் மழை ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. குழாய் வாஷரும் தாழ்ப்பாளும் குடித்தனக்காரர் செலவு. சாக்கடை மாநகராட்சியின் வேலை. இருவரும் சேர்ந்து வார்டு ஆபீசுக்குப் போகவேண்டும். டி.வி. சத்தத்துக்கு வாயால் சொல்வதே மருந்து. ஆக ஏழில் மூன்றுதான் அண்ணாச்சியின் தலையில். ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டி "தொல்லை" என்று பெயர் வைத்ததால்தான், ஷாக் அடிக்கும் சுவரும் டி.வி. சத்தமும் ஒன்றாகிவிட்டன.

இந்தப் பிரிவினை நம் கற்பனை அல்ல. 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணை ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது: கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், வயரிங் வீட்டுக்காரருக்கு, குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, கண்ணாடி குடித்தனக்காரருக்கு. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது கட்டுப்படுத்தும். ஆனால் நியாயத்தைப் பின்பற்ற யாருடைய உத்தரவு வேண்டும்?

சட்டம் சொல்வதைக் கேளுங்கள்

மேலே சொன்ன 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை என்கிறது. 15 நாளுக்குக் குறையாத நோட்டீஸ் கொடுத்தும், நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடித்தனக்காரரே பழுது பார்த்துச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஓர் ஆண்டில் கழிப்பது அந்த ஆண்டு வாடகையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 31-ஆம் பிரிவின்படி வாங்கும் பணத்துக்கு ரசீது கட்டாயம். "லீவ் அண்டு லைசென்ஸ்" பத்திரத்தில் இருப்பவர் இந்தச் சட்டக் கணக்கில் வாடகைதாரர் அல்லர். அவருக்குப் பத்திரத்தில் எழுதியதே பேசும். ஆகவே பழுதுப் பொறுப்பைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

"தண்ணீரை நிறுத்து, கரண்டைப் பிடுங்கு, தானே ஓடுவான்" என்று யோசனை சொல்லும் பெரிய மனிதர்கள் நம்மிடையே உண்டு. தக்க காரணமின்றி அப்படிச் செய்வதை 29-ஆம் பிரிவு தடுக்கிறது. அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் குடியிருப்பவரைக் காலி செய்ய வழக்குப் போடவே, 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். சட்டம் கிடக்கட்டும். 1974 மே மாதம், 20 நாள் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியே தள்ளப்பட்டனவே, அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நம் மூத்தவர்கள். பணியவைக்க வீட்டை ஆயுதமாக்குவது ஆள்வோர் வழக்கம். தொழிலாளிக்கு அது அடுக்குமா?

குடித்தனக்காரருக்கும் ஒரு சொல்

குடியிருக்கும் தோழர்களே, புகார் உங்கள் உரிமை. பொய்ப் புகார் உரிமை அல்ல. நீங்கள் உடைத்ததை நீங்களே சரிசெய்யுங்கள். நடுநிசியில் வாஷருக்காகப் போன் செய்யாதீர்கள். ஷாக் என்றால் எந்த நேரத்திலும் செய்யுங்கள். நோட்டீஸ் கொடுக்காமல், கணக்கு வைக்காமல், வாடகையை நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்துவது உங்கள் நியாயத்தை நீங்களே கெடுத்துக்கொள்வதாகும். வீட்டுக்காரருக்கும் கடன் உண்டு, பள்ளிக்கூடக் கட்டணம் உண்டு.

செய்யவேண்டியது என்ன?

வீடு விட்டிருக்கும் நம் உறுப்பினர்களுக்குச் சங்கம் சொல்வது இது:

1. ரூமுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். புகார், தேதி, செய்த வேலை, செலவு, இருவர் கையெழுத்து.

2. உயிருக்கு ஆபத்தான குறையை அன்றே கவனியுங்கள். மற்றவற்றுக்கு நாள் குறித்துச் சொல்லுங்கள்; சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள்.

3. மழைக்குக் காத்திராமல் மே மாதத்திலேயே கூரையையும் வயரிங்கையும் பாருங்கள். ஜூனில் ஆளும் கிடைக்காது, கூலியும் ஏறும்.

4. பன்னிரண்டு மாத வாடகையில் ஒரு மாதத்தைப் பழுதுக்கென்று ஒதுக்குங்கள்.

5. முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். பதில் சொல்லாமல் போனை அணைத்துவைப்பதுதான் சண்டையின் விதை.

6. தீராத தகராறு என்றால் இரு தரப்பும் சங்கத்துக்கு வாருங்கள். குடித்தனக்காரர் எந்த மொழிக்காரரானாலும் நம் பெஞ்சில் அவருக்கும் இடம் உண்டு.

தோழர்களே! இந்த நகரத்தில் நம்மை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. சேற்றைத் தூர்த்தோம், சுவர் எழுப்பினோம், ரேஷன் கார்டுக்கும் தண்ணீருக்கும் கியூவில் நின்றோம், கேட்டுக் கேட்டுத்தான் பெற்றோம். நம்மை "சதா கேட்டுக்கொண்டே இருப்பவர்கள்" என்று அதிகாரிகள் சலித்துக்கொண்டார்கள். அந்தச் சலிப்பைப் பொருட்படுத்தாமல் கேட்டதால்தான் இன்று வாடகைக்கு விட நமக்கு ஒரு ரூம் இருக்கிறது. கேட்டுப் பெற்றவன், கேட்பவனை வெறுக்கலாகாது.

மழைக்கு முன் ஏணி வைத்து ஏறுங்கள், கூரையைப் பாருங்கள்!