விவசாயி என்ற பட்டம் போதுமா?

செங்காங் மேற்கு எல்ஆர்டி தடத்தில் 'ஃபார்ம்வே' என்று ஒரு நிலையம் இருக்கிறது. பெயரில் பண்ணை உண்டு. சுற்றிலும் வீவக புளோக்குகள்தாம். அந்த வழியாகப் பல்கலைக்கழகம் சென்று வரும் எனக்கு உழவு என்பது திருக்குறளில் ஓர் அதிகாரம், தமிழ்ப் படத்தில் ஓர் உருக்கமான காட்சி, தேக்கா சந்தையில் ஒரு கட்டுக் கீரை. அவ்வளவுதான்! சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. நம்மில் பலரின் நிலையும் இதுவாகத்தான் இருக்கும்.

அதனால்தானோ என்னவோ, "ஒரு விவசாயி ஆட்சிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நண்பர் ஒருவர் கேன்டீனில் சொன்னபோது மேசையில் இருந்த அனைவரும் தலையாட்டினோம். வீடு திரும்பும்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. உண்மையிலேயே ஒரு விவசாயி ஆண்டபோது என்ன நடந்தது?

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் 1895ஆம் ஆண்டு திண்டிவனத்திற்கு அருகிலுள்ள ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காங்கிரசில் சேர்ந்து விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். அப்போது அந்தப் பதவிக்குப் 'பிரதமர்' என்று பெயர். நாடு விடுதலை அடைந்த நாளில் தமிழகம் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

இருந்தது இரண்டே ஆண்டுகள். செய்தவற்றைப் பாருங்கள். ஜமீன்தார்கள் உழவர்களிடம் குத்தகை வசூலித்து, அதில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டி வந்தனர். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த இடைத்தட்டை நீக்கி, உழவரை நேரடியாக அரசுக்கு வரி செலுத்துபவராக்க வழி செய்தது. விவசாயி ஒருவர் இதைச் செய்ததில் வியப்பில்லை.

எனக்கு வியப்பளிப்பவை மற்றவை. கோயில் வாசலில் சாதியின் பெயரால் தடுக்கப்பட்டவர்கள் உள்ளே செல்வதற்கு 1947இல் சட்டம் வந்தது. அதே ஆண்டில், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடிய விஷயம் அது! பாரதியார் படைப்புகளின் உரிமையைத் தனியாரிடமிருந்து அரசே பெற்றுப் பொதுவாக்கும் முயற்சியும் 1949இல் அவருடைய ஆட்சியில்தான் தொடங்கியது. இன்று நம் சங்க விழாவில் பாரதி பாடலை யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடுகிறோமே, அதற்கு அவருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

இவற்றில் எது விவசாயிகளின் கோரிக்கை? எதுவுமில்லை. தன்னைப் போன்றவர்களுக்கு மட்டும் செய்துவிட்டு அவர் நின்றுவிடவில்லை.

அப்படியென்றால் குறையே இல்லையா? இருக்கிறது. ஜமீன் ஒழிப்பால் பயன்பெற்றவர் பெரும்பாலும் நிலத்தில் ஏற்கெனவே உரிமை இருந்த குடியானவர். கூலிக்கு உழைத்தவருக்கு அதனால் நிலம் கிடைக்கவில்லை. 1948இல் அவருடைய அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது தமிழகத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தமிழ்ச் சங்கத்தின் மலரில் இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஏர் பிடித்த கை என்பதால் எல்லா முடிவும் சரியாகிவிடாது.

கட்சிக்குள் எதிர்ப்பு வலுத்தபோது 1949இல் பதவியை விட்டு விலகினார். பிறகு வடலூரில் வள்ளலார் நெறியில் வாழ்ந்து, பள்ளியும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமும் அமைத்தார். 1970இல் மறைந்தார். சென்னை அண்ணா சாலையில், தலைமைச் செயலகமாகக் கட்டப்பட்டுப் பின்னர் 2014இல் அரசு மருத்துவமனையான கட்டடம் நிற்கும் வளாகம் இன்று அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

இன்று தமிழகத்தில் தேர்தல் வந்தால் பச்சைத் துண்டு அணியாத கட்சி குறைவு. சுவரொட்டியில் பச்சைத் துண்டைப் பார்த்ததும் நாமும் கடல் கடந்து நெகிழ்ந்துவிடுகிறோம். தொலைவில் இருப்பவர்களுக்கு நெகிழ்வது எளிது! பிறப்பையும் தொழிலையும் வைத்துத் தலைவரை எடைபோடும் பழக்கம் எங்கும் உண்டு. நம் சங்கத் தேர்தலில்கூட "நம்ம ஆளு" என்று கை தூக்கியதில்லையா?

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவர் எங்கிருந்து வந்தார் என்பதோடு, வாசலுக்கு வெளியே நின்றவர்களில் யாரை உள்ளே அழைத்தார் என்றும் கேட்போம். தவறும்போது அதையும் சொல்வோம். பதவி போன பிறகு என்ன செய்தார் என்றும் பார்ப்போம்.

அடுத்த முறை கேன்டீனில் அந்தப் பேச்சு வந்தால், தலையாட்டுமுன் ஓமந்தூராரை நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!