காற்றைச் சொல்லலாம், காரியத்தைச் சொல்லக் கூடாது

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆண்டுதோறும் படித்துவிட்டு, நாம் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அந்தக் கூண்டுக்கு ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள் உண்டு. மூன்று என்றால் துறைமுகத்தைச் சூறைக்காற்று தாக்கக்கூடும் என்று அர்த்தம். பத்து என்றால் கடும் புயல் துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலேயோ கரையைக் கடக்கும் என்று அர்த்தம். பதினொன்றுக்கு மட்டும் காற்றின் வேகத்தோடு சம்பந்தமில்லை, வானிலை நிலையத்தோடு இருந்த தகவல் தொடர்பு அறுந்துபோய்விட்டது என்பதுதான் அதன் தாத்பரியம். தகவல் வராமற்போவதையே பெரிய அபாயமாகக் கருதி, கடும் புயலுக்கும் மேலான எண்ணை அதற்குக் கொடுத்த அந்தக் காலத்துத் துறைமுக நிர்வாகிகளின் விவேகம் மெச்சத்தக்கது. அதே பாம்பனில் மீனவர்கள் தமக்கென்று ஒரு வானொலி நிலையத்தை அமைத்துக்கொண்டு பல ஆண்டுகளாக நடத்திவருகிறார்கள்; ஆனால் அந்த நிலையம் தன் ஊர்ச் செய்தியைத் தன் வாயால் சொல்லக் கூடாது என்பது இன்றைய சர்க்காரின் விதி.

'கடல் ஓசை' என்ற பெயரில் 90.4 என்ற பண்பலையில் ஒலிக்கும் அந்தச் சமுதாய வானொலி நிலையம் 2016 ஆகஸ்டு 15ஆம் தேதி பிறந்தது. கடலுக்குப் போகும் குடும்பங்களில் பிறந்தவர்களே அதில் பேசுகிறார்கள் என்பதனால், வானிலை அறிக்கையை வாசிப்பதில்கூட நகரத்து நிலையங்களில் காண முடியாத ஒரு பிரத்தியேகம் அங்கே ஏற்பட்டுவிடுகிறது. 'மன்னார் வளைகுடாப் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்' என்று அதிகாரபூர்வமாக வரும் வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை; ஆனால் பாம்பன்காரனுக்கு ஒரு கடல் அல்ல, இரண்டு கடல்கள் இருக்கின்றன. தெற்கே மன்னார் வளைகுடா அவனுக்குத் தென்கடல், வடக்கே பாக் நீரிணை வடகடல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழுந்து தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்; வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழாகும். எந்தப் பக்கம் வத்தைப் படகை இறக்கலாம், எந்தப் பக்கம் வைத்த வலையைச் சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது என்பது, அலையின் உயரத்தை மீட்டர் கணக்கில் சொல்வதனால் மட்டும் தெரிந்துவிடுவதில்லை. விதித்த தடையைத் தளர்த்திச் சொல்ல எந்த வானொலிக்கும் அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அந்தத் தடை யாருக்கு, எங்கே, ஏன் என்று விளங்கச் சொல்லும் யோக்கியதை உள்ளூர்க் குரலுக்குத்தான் உண்டு.

வானிலையோடு காரியம் முடிந்துவிடவில்லை. 'சமுத்திரம் பழகு' என்ற நிகழ்ச்சியில் கடலின் இயல்பையும், பருவநிலை மாறுவதனால் அதற்கு நேரும் மாற்றங்களையும் பற்றிப் பேச்சு நடக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடற்பரப்பு 1986ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்காவாக இருக்கிறது. அந்தத் தீவுகளின் ஓரத்தில் தலைமுறையாய் மூழ்கிப் பாசி எடுத்துவந்த பெண்களின் ஜீவனமோ அந்த அறிவிப்போடு இன்றுவரை மோதிக்கொண்டிருக்கிறது. இப்படி வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல், கடற்படை என்று பல அதிகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும் ஒரு சிறிய தீவில், எந்த உத்தரவு எங்கிருந்து வந்தது, யாரைக் கட்டும் என்று அறிந்துகொள்வதே மனிதருக்குப் பாதி வேலையாகிவிடுகிறது. 'தம்பி, நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் குடுக்குறாங்களா, இல்லையா?' என்று ஒரு பெண் நிலையத்துக்குப் போன் செய்து கேட்டால், 'காத்து இருக்குதுக்கா, மறு அறிவிப்பு வர்ற வரைக்கும் குடுக்க மாட்டோம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க' என்று அறிவிப்பாளர் தாராளமாகப் பதில் சொல்லலாம்; அது நிர்வாகத்தின் பொது அறிவிப்பு என்பதால் விதியில் அதற்கு இடம் உண்டு. ஆனால் ஏற்றுமதி வியாபாரிகள் இறால் விலையைத் திடீரென்று குறைத்துவிட்டார்கள், அதைக் கண்டித்து விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கின்றன, கூட்டத்தில் இன்னின்னார் இன்னின்னது பேசினார்கள் என்று அதே அறிவிப்பாளர் சொன்னால், அது செய்தியும் நடப்பு விவகாரமும் ஆகிவிடும். உடனே லைசென்ஸுக்கு ஆபத்து வந்துவிடும். காற்றைச் சொல்லலாம், காற்றுக்குத் தப்பிக் கரைக்கு வந்த மீனின் கதியைச் சொல்லக் கூடாது.

இந்த விதியின் பூர்வோத்தரத்தைச் சற்றே பார்க்கலாம். வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பயனாகக் கல்வி நிலையங்களுக்கு முதலில் கதவு திறந்து, 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி தொடங்கிற்று. 2006ஆம் ஆண்டின் நெறிமுறைகள் தொண்டு நிறுவனங்களுக்கும் இடமளித்த பின்னர், 2008 அக்டோபரில் இன்றைய தெலங்கானாவின் ஒரு கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' பிறந்தது. பரப்பும் திறன் 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, கோபுரம் 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்ற நிபந்தனைகளை நான் குறை சொல்லவில்லை. சிறிய ஊருக்குச் சிறிய நிலையம் என்பது நியாயமே. செய்தியைப் பற்றிய நிபந்தனைதான் விநோதமானது. முதலில் செய்தியே கூடாது என்றார்கள். பிறகு மனமிரங்கி, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை எழுத்து மாறாமல் அப்படியே மறு ஒலிபரப்புச் செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆகவே, டில்லியில் ஒரு மந்திரி சொன்னதைப் பாம்பன் நிலையம் பாம்பனுக்குச் சொல்லலாம். பாம்பன் பாலத்தடியில் காலையில் நடந்ததைப் பாம்பனுக்குச் சொல்லக் கூடாது. தொலைவு கூடக்கூட உண்மையின் யோக்கியதையும் கூடும் என்று யாரோ நம்பியிருக்க வேண்டும்.

இந்தத் தடையினால் செய்தி நின்றுவிடுகிறது என்றால்கூட ஒரு வாதத்துக்கு இடமுண்டு. செய்தி நிற்பதில்லை, முகவரி இல்லாமல் பரவுகிறது என்பதே உண்மை. இரவு படகு திரும்பவில்லை என்றால், கரையில் நிற்கிறவர்களின் கைப்பேசிகளில் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் வந்து குவிகின்றன. படகு கவிழ்ந்தது என்று ஒன்று, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிற்று என்று ஒன்று, நெடுந்தீவுப் பக்கம் இஞ்சின் பழுதாகி நிற்கிறது என்று மற்றொன்று. பேசியவர் யார், யாரிடம் கேட்டுப் பேசினார் என்பதற்கு எந்தச் சாட்சியமும் கிடையாது. பத்திரிகை இதை மறுநாள் அச்சிடலாம், தொலைக்காட்சி உடனே காட்டலாம், ஊர் பேர் தெரியாத எவனும் கைப்பேசியில் அனுப்பலாம். லைசென்ஸும் விலாசமும் உள்ள, பொய் சொன்னால் மறுநாள் தெருவில் தலைகாட்ட முடியாத ஊர்க்காரர்கள் நடத்தும் நிலையம் மட்டும் சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டு மௌனமாக இருக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்டத்து மீனவர் பலர் அபாயம் தெரிவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்தத் தொலைவுக்குச் சிறு பண்பலை எட்டாது. ஆகையால் சமுதாய வானொலி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் அடுத்துவந்த நாட்களில், எந்தப் படகு எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கிற்று, யார் மீட்கப்பட்டார், யார் இன்னும் வரவில்லை என்று அறியாமல் அந்தக் கடற்கரைக் கிராமங்கள் பட்ட பாடு, செய்தி இல்லாமையின் பாடு.

எதிர்த்தரப்பின் அச்சத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. எல்லைக்கு அருகிலுள்ள கடல் அது. இலங்கையோடு செய்த 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வரைந்த எல்லைக்கோடு மீனவர் மனத்தில் இன்றும் ஆறாத ரணம். ஒரு கைது, ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு ஜாதிச் சச்சரவு, இவற்றை ஊதிப் பெருக்கிவிடுவார்களோ என்ற கவலை அதிகாரிகளுக்கு இயல்பு. அதற்குப் பரிகாரம் விதியிலேயே இருக்கிறது: ஒலிபரப்பான நிகழ்ச்சிகளின் பதிவை மூன்று மாதம் பாதுகாத்துவைத்து, கேட்டால் காட்ட வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள கடமை. இந்தக் கடமை எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் இல்லை. நேபாளத்தில் 1997இல் தொடங்கிய 'ரேடியோ சாகர்மாதா' முதலான சிறு நிலையங்கள் செய்தி வாசித்துத்தான் வருகின்றன. அதற்குள் அந்த நாடு முடியாட்சியிலிருந்து குடியரசாக மாறிவிட்டது, நிலையங்களும் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் ஒரேயடியாகத் திறந்துவிடத் தயக்கமென்றால், கடலோர நிலையங்களுக்கு மட்டும், தம் அலை எட்டும் ஊர்களின் நிகழ்ச்சிகளைப் பற்றி மட்டும், தவறிச் சொன்னால் அதே நேரத்தில் மறுநாள் திருத்தம் வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சோதித்துப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், ஊரின் கையிருப்பு வற்றும்போது உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரமும் வற்றும். மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வேண்டியதோ புயல் நாளில்தான். புதிய கைப்பேசிகள் பலவற்றில் பண்பலையைக் கேட்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள்; அதை முடக்கிவைக்க வேண்டாம் என்று மத்திய அரசு 2023இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை சொன்னதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. இந்தச் சங்கடங்களுக்கிடையே நடக்கும் நிலையத்தை ஜனங்கள் விரும்பித் தேடித் திருப்ப வேண்டுமானால், வேறெங்கும் கிடைக்காத ஒன்றை அது தர வேண்டும். பாட்டு எங்கும் கிடைக்கிறது, ஊர்ச் செய்திதான் கிடைப்பதில்லை. 2024இல் நெறிமுறைகளைத் திருத்தி, விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், சர்க்கார் விளம்பரக் கட்டணத்தைப் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். சோப்பு விற்க ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுக்க முடிந்த மந்திரி காரியாலயத்துக்கு, வராத படகைப் பற்றிச் சொல்ல ஐந்து நிமிடம் கொடுப்பது இதைவிடப் பெரிய சிரமமாக இராது.