ஊசி மட்டும் வைத்தியமாகாது

கடும் மனநோய்க்கு மருந்தா, அன்பா என்ற பட்டிமன்றம் நம்மவர் கூடுமிடங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. அந்தக் கேள்வியே பிழையானது என்பது என் வாதம். மருந்தோடு சேர்ந்து வரவேண்டிய பரிவை "மாற்று வைத்தியம்" என்று பெயரிட்டு ஒதுக்கியதால், ஏழைகளுக்கு ஊசி மட்டுமே மிஞ்சியது.

இலங்கையில் "அங்கொடை" என்பது ஊர்ப்பெயராக மட்டும் இல்லை. அது வசைச்சொல்லாகி வெகுகாலமாயிற்று. அப்புத்தளை லயமொன்றில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால், எட்டு மணி நேரத்துக்கும் மேலான ரயில் பயணத்தின் முடிவில் இருந்த அந்த மருத்துவமனையே ஒருகாலத்தில் புகலிடம். சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வதாக 2005இல் அரசின் மனநலக் கொள்கை உறுதியளித்தது. அது நல்ல முடிவு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்ன? மாதமொரு கிளினிக், ஓர் ஊசி, அடுத்த திகதி எழுதிய ஒரு துண்டு. மகனை அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்றைய "பேர்" இல்லை. பேர் இல்லையேல் சம்பளமில்லை. காதில் குரல்கள் கேட்பதைத் தாய்மொழியிலேயே விளக்குவது கடினம். அதை அரைகுறைச் சிங்களத்தில், வரிசையில் நிற்கும் இன்னொருவரின் உதவியோடு சொல்ல நேர்கிறது. இதற்குப் பெயர் சிகிச்சையா?

உடனே சிலர், "அப்படியானால் மருந்தை விட்டுவிடலாமே, சாமி பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். அவர்களுக்கு ஏர்வாடியை நினைவூட்டுகிறேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர்; மாண்டவர்கள் 28 பேர். அந்தச் சங்கிலியையும் அருள் என்றுதான் அழைத்தார்கள். மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் பாயும் அபாயம் பெரிது. 2022இன் நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, அது யாரும் விரும்பி ஏற்ற "மாற்று" அல்ல.

சங்கிலியில்லாத கோயிலும் உண்டு. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயிலொன்றில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். உடன் ஓர் உறவினர். கோயிலைக் கூட்டுவது, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தணிந்திருந்தன. சிறிய ஆய்வுதான்; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. எனினும் அச்சுறுத்தாத இடமும் அருகிலொரு மனிதரும் பயன் தரக்கூடும் என்பதை அது காட்டியது.

நம் நாட்டிலேயே சான்றுண்டு. மனச்சிதைவு நோயாளர் 44 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த நான்சி வக்ஸ்லர், மேலைநாடுகளில் காண்பதைவிட நல்ல பலனை இலங்கையில் கண்டதாக 1979இல் எழுதினார். நோயாளியைக் குடும்பம் குற்றஞ்சாட்டாமல், அவர் குணமாவார் என எதிர்பார்த்ததை அவர் முக்கிய காரணமாகச் சுட்டினார். பின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில் மருத்துவக் குழு வீட்டாரோடு கூடியமர்ந்து பேசியே சிகிச்சையைத் தொடங்குகிறது. அங்கே அதற்குப் பெயர் "திறந்த உரையாடல்". நம்மிடம் ஓரளவேனும் இருந்த குடும்ப ஆதரவு, பத்தடி லயக்காம்பறாவின் வறுமையில் மூச்சுத் திணறுகிறது.

நான் கேட்பது பெரிதல்ல. கிளினிக் நாளில் துணைக்குச் செல்பவருக்குப் பேர் போடுங்கள். தமிழ் பேசும் மனநலப் பணியாளர் லயத்துக்கு வரட்டும். நோய் தணிந்தவருக்குத் தோட்டத்தில் இலகுவான வேலை கொடுங்கள். மாத்திரையின் அளவை மருத்துவர் தீர்மானிக்கட்டும்; அது என்ன செய்கிறது என்பதை நோயாளியிடம் கேட்டுத் தீர்மானிக்கட்டும்.

இவற்றுக்குப் பணமில்லை என்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிராமும் தவறவிடாத நிருவாகங்கள், ஒரு மனிதர் தவறிப்போவதை மட்டும் ஏன் கணக்கில் எடுப்பதில்லை?