அம்மாவின் வீடும் தம்பியின் ரெஜிபோம் சுவரும்



கனடாவில் இருக்கும் என் தம்பி போன தைப்பொங்கல் அன்று போனில் பேசும்போது, "அக்கா, ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாரு" என்றான். பார்த்தேன். பனி மூடிய வெட்டவெளியில் வெள்ளைக் கட்டிகளை அடுக்கி ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பியிருந்தார்கள். கம்பளித் தொப்பி போட்ட தம்பி, ஒரு பெரிய கட்டியை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான்.

"என்னடா இது, ரெஜிபோம் மாதிரி இருக்கு?" என்றேன்.

"மாதிரி இல்லக்கா, ரெஜிபோமேதான். நம்ம வீட்டையும் இப்படியே கட்டிருவோம். வெயிலும் ஏறாது, கரண்ட் பில்லும் ஏறாது."

ஓப்பநாயக்கவுக்கு மேலே, அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த தோட்டத்தில் எங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணி கிடைத்திருக்கிறது. வீட்டுக்கான பணம் தம்பி ஆறு வருஷமாகக் குளிரில் நின்று சேர்த்தது. தவறாகக் கட்டிவிட்டால் இடித்துக் கட்ட இன்னோர் ஆறு வருஷம் எங்களிடம் இல்லை; அம்மாவுக்கு வயது 68. அதனால் அவசரப்படாமல் இரண்டு மாதம் படித்தும் விசாரித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் சகோதரிகளுக்கு இது பயன்படும்.

அது என்ன வீடு?

நாம் ஒரு தூண் எழுப்பும்போது பலகையடித்துக் கொங்கிரீட் ஊற்றுகிறோம். அது இறுகியதும் பலகையைக் கழற்றிவிடுகிறோம். தம்பி காட்டிய முறையில் பலகைக்குப் பதில் ரெஜிபோம். உள்ளே பொள்ளலாக இருக்கும் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி, நடுவில் கம்பி வைத்து, பொள்ளலுக்குள் கொங்கிரீட்டை ஊற்றுவார்கள். ரெஜிபோமைக் கழற்றுவதில்லை. அது சுவரின் இரு பக்கமும் போர்வை போல அப்படியே நின்றுவிடும். 1960களில் கனடாவில் வெர்னர் கிரெகோரி என்பவர் இதை உருவாக்கினார். இன்று குளிர் நாடுகளில் பல வீடுகள் இப்படி எழும்புகின்றன.

ரெஜிபோமில் 100க்கு 98 பங்கு காற்றுதான். அடைபட்டு நிற்கும் காற்று வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. ஓர் அங்குல ரெஜிபோம் தடுக்கும் வெப்பத்தைக் கொங்கிரீட்டால் மட்டும் தடுக்க வேண்டுமென்றால் சுவரின் கனம் 3 அடியாவது இருக்க வேண்டும். நடுவில் கம்பி கட்டிய கொங்கிரீட் இருப்பதால் சுவர் உறுதியாகவும் இருக்கும். தம்பி பெருமைப்பட்டதில் பிழையே இல்லை.

ஆனால் கனடாவுக்கு நல்லது ஓப்பநாயக்கவுக்கும் நல்லதா?

மீன் பெட்டி சொன்ன பாடம்

எங்கள் தோட்டத்துக்கு வரும் மீன்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி கட்டியிருப்பார். காலையில் போட்ட ஐஸ் மதியம் வரை கரையாது. ஒரு நாள் அவரிடம், "மூடியைத் திறந்தே வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அப்புறம் பெட்டி எதுக்குத் தங்கச்சி?" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. ரெஜிபோம் சுவரின் முழுப் பலனும் மூடி வைத்த வீட்டில்தான் கிடைக்கும். கனடாவில் குளிர்காலத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரைகூடப் போகும். உள்ளே மாதக்கணக்காக ஹீட்டர் எரியும். அந்தச் சூடு வெளியே போகாமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடி வைப்பார்கள். ஏ.சி. போட்ட வீட்டுக்கும் இதே கணக்குத்தான்.

நம் வீட்டில் ஹீட்டரும் இல்லை, ஏ.சி.யும் இல்லை. விடிந்தால் ஜன்னலைத் திறக்கிறோம். வெளிக்காற்று உள்ளே வந்து போகிறது. நம் வீடு மூடி திறந்த மீன் பெட்டி. அதற்கு விலை கூடிய சுவர் போட்டால் போட்ட பணத்துக்கேற்ற குளிர்ச்சி கிடைக்காது.

பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஐஸை வைத்தால் குளிரைக் காக்கும். சுடுசோற்றை வைத்தால் சூட்டைக் காக்கும். விறகடுப்பு எரியும் வீட்டை இறுக மூடினால் சூடு, புகை, ஈரம் மூன்றும் உள்ளேயே தங்கும்.

வெயில் எங்கே விழுகிறது?

தம்பியின் யோசனையை அம்மாவிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "செவுரு எங்கம்மா சுடுது? தலைக்கு மேலதானே அடுப்பு எரியுது?"

பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத அம்மா சொன்னது, நான் படித்தறிந்ததோடு அப்படியே ஒத்துப்போனது. கனடாவில் சூரியன் சாய்ந்து வரும்; சுவரில் படும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. மற்ற மாதங்களிலும் பெரிதாகச் சாய்வதில்லை. ஆகவே வெயிலின் பெரும்பங்கைச் சுமப்பது கூரைதான். நல்ல வெயிலில் ஒரு தகரம் 60 பாகையைத் தாண்டிச் சுடும். அந்தத் தகரம் வெயில் இருக்கும்வரை நம் தலைக்கு மேல் தணல்போல இருந்துவிட்டு, பிறகு மழை வந்தால் பேசவும் விடாமல் கொட்டு அடிக்கிறது.

நான் செய்த பிழை

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், நான் செய்த ஒரு பிழைதான் என் தகுதி. எங்கள் லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்பதால் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் மட்டும் ஒரு சாண் இடைவெளி. எலி வருகிறது, சாரல் அடிக்கிறது என்று, கையில் கொஞ்சம் காசு வந்த ஒரு வருஷம் அதைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டேன். வீடு பார்க்க நேர்த்தியாக இருந்தது.

அந்த மாசியிலேயே தெரிந்துவிட்டது. மேலே ஏறிய சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. அடுப்புப் புகை கூரையில் முட்டித் திரும்பி வந்தது. அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மருந்து வாங்கிக் கொடுத்தேன், நிற்கவில்லை. கிளினிக்கில் நர்ஸ் அம்மா, "புகை போக வழி இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. சுத்தியலை எடுத்து நானே மறுபடி உடைத்துத் திறந்தேன். எலிக்குக் கம்பி வலை அடித்தேன். இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. நான் மூடியது வெறும் சாண் இடைவெளி என்று நினைத்திருந்தேன். அது அந்த வீட்டின் மூக்கு.

வாழப்போகிறவளைக் கேட்டார்களா?

புதுமுறை வீடுகளை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013இல், ஜிப்சமும் கண்ணாடி இழையும் சேர்த்த பொள்ளல் பலகைகளை நிறுத்தி, உள்ளே கொங்கிரீட் நிரப்பி ஒரு மாதிரிக் கட்டிடம் எழுப்பினார்கள். இந்தியாவின் லக்னோவில் 1,040 வீடுகள் கொண்ட திட்டத்துக்கு 2021 ஜனவரி 1ஆம் திகதி அடிக்கல் நாட்டினார்கள். அங்கே கொங்கிரீட் ஊற்றும் அச்சே கழற்றப்படாமல் சுவரோடு நின்றுவிடும் முறை. அடுக்குமாடிகளை விரைவாகக் கட்ட இவை நல்ல வழிகள்.

ஆனால் நம் நாட்டில் நடந்ததையும் மறக்கக்கூடாது. வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் தருவதாக ஒரு திட்டம் வந்தது. 2016இல் மாதிரி வீடுகளைப் பார்த்த பலர் குறை சொன்னார்கள். காற்றோட்டம் போதாது, விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடமில்லை, உள்ளூர் மேசன்மாருக்கு வேலை இல்லை என்றார்கள். அந்த 65,000 வீடுகளும் அப்படி எழும்பவில்லை. அடுப்பு எங்கே என்ற கேள்வியை முதலிலேயே ஒரு பெண்ணிடம் கேட்டிருந்தால் போதும்.

எங்கள் மேசன் பாஸிடமும் தம்பியின் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நல்ல வேலை" என்று முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு கேட்டார்: "இந்த ஏத்தத்துல கொங்கிரீட் லொறி ஏறுமா? ஒரேயடியா ஊத்தினா பெட்டி வெடிச்சிரும். ரெஜிபோமுக்குள்ள கறையான் வழி எடுத்தா வெளியில தெரியுமா?" மூன்றும் நியாயமான கேள்விகள். கறையான் ரெஜிபோமைத் தின்னாது. ஆனால் அதைக் குடைந்து கண்ணுக்குத் தெரியாமல் கூரை மரம்வரை ஏறும். ரெஜிபோம் தீப்பற்றினால் கரும்புகை கக்கும் என்பதால் அதைப் பூச்சுப் பூசாமல் விடவும் கூடாது.

எங்கள் முடிவு

சுவருக்குச் சாதாரண சீமெந்துக் கல். மிச்சமாகும் பணம் கூரைக்கு. தகரத்துக்குக் கீழே, வெள்ளித்தாள் ஒட்டிய நுரை விரிப்பைக் காற்று இடைவெளி விட்டு இழுத்துக் கட்டுகிறோம். அதன்கீழ் சீலிங். சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடு வெளியேற இரு முகப்பிலும் வலை அடித்த துவாரம். குசினி ஒரு பக்கமாக, புகைபோக்கியோடு.

தம்பியிடம் இதைச் சொன்னபோது முதலில் அவன் பேசவில்லை. பிறகு, "நான் இங்க கட்டுற மாதிரி ஒரு வீட்டில அம்மா இருக்கணும்னு ஆசைப்பட்டேன்க்கா" என்றான். எனக்கும் தொண்டை அடைத்தது. "சூட்டைத் தடுக்கிற வேலைதானேடா நீ செய்யுற? அதைத்தான் இங்கயும் செய்யுறோம். அங்க செவுத்துல, இங்க கூரையில" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த விரிப்பு எத்தனை மில்லிமீட்டர்னு கேட்டு அனுப்பு, நான் பார்த்துச் சொல்றேன்" என்றான். அதன் பிறகு கூரைப் பொறுப்பை அவனிடமே விட்டுவிட்டேன்.

வீடு கட்டப்போகும் சகோதரிகள் கவனிக்க

1. முதலில் நிலம். 2003 மே மாதமும் 2017 மே மாதமும் இரத்தினபுரி மாவட்டத்தில் மலை சரிந்து எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது நமக்குத் தெரியும். எவ்வளவு உறுதியான கொங்கிரீட்டும் சரியும் மலையை நிறுத்தாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைக் கேட்டு வாங்கிய பிறகே அத்திவாரம் வெட்டுங்கள்.

2. வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். காலை, மாலை வெயில் படும் கிழக்கு, மேற்குப் பக்கங்களில் சுவர் குறுகலாகவும் ஜன்னல் சிறியதாகவும் இருக்கட்டும்.

3. ஒவ்வோர் அறையிலும் காற்று நுழைய ஒரு வழி, வெளியேற இன்னொரு வழி வேண்டும்.

4. கூரை இறக்கத்தைச் சுவரிலிருந்து 2 அடிக்குக் குறையாமல் நீட்டுங்கள். வெயிலோடு சாரலும் நிற்கும்.

5. வெள்ளித்தாள் விரிப்பைத் தகரத்தோடு ஒட்டவிட்டால் அந்தத் தாளால் பலன் குறைவு. நடுவில் காற்று இடைவெளி வேண்டும். விரிப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

6. பிறகு மாடி எடுக்கும் எண்ணத்தில் ஸ்லெப் போடுகிறவர்கள் அதன்மேல் வெப்பம் தடுக்கும் அடுக்கைப் பற்றி இஞ்ஜினியரிடம் கேளுங்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஹல்வத்துர, ஜயசிங்க ஆகியோர் நம் போன்ற வெப்ப நாடுகளுக்கு இது எப்படிப் பயன்படும் என்று ஆராய்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். ரெஜிபோமுக்கு நம் ஊரில் ஏற்ற இடம் அதுதான்.

7. பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

8. மின்சாரத்தை மட்டும் எண்ணிவிட்டு விறகை மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் அதிகம் எரிவது விறகுதான். அதைச் சுமப்பவளும் நாம்தான். இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும்.

2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது எத்தனை வீடுகளில் ஃபேனை நிறுத்திவிட்டு வாசலில் பாய் போட்டுப் படுத்தோம் என்பது நினைவிருக்கும். கட்டணம் பிறகு குறைந்தது. இன்னொரு நாள் ஏறலாம். ஃபேன் இல்லாமலும் படுத்துத் தூங்கக்கூடிய வீடுதான் சிக்கனமான வீடு.

அத்திவாரம் வெட்டியாயிற்று. நேற்று அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். கயிறு கட்டிய இடத்தில் நின்று, "அடுப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன். "புகை?" என்றார். மேலே கை காட்டினேன். அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம், சகோதரிகளே.