ஊசி நம் கையில், பதில் எங்கே?

 

போன மாதம் புவனகிரிப் பக்கம் நர்சிங் கம்யூனிட்டி போஸ்டிங். திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: "ஏன் சிஸ்டரு, பொட்டப் புள்ளைங்களுக்குப் புத்துநோய் ஊசி வருதாமே, போட்டா புள்ள பொறக்காதுன்றாங்களே, நெசமா?" பக்கத்தில் ஒன்பதாவது படிக்கும் மகள். என்னிடம் வெள்ளைக் கோட்டு இருந்தது, பி.பி. கருவி இருந்தது, பதில் இல்லை. "டாக்டரைக் கேளுங்கம்மா" என்று நழுவினேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்ததைக் கேட்டார்: "நீ போட்டுக்கிட்டியா?"

சிதம்பரம் வந்து சேரும்வரை பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

எச்.பி.வி. வைரஸின் 16, 18 வகைகள்தான் கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். இரண்டு மார்க் கேள்விக்கு இதை எழுதிவிட்டு மறந்துவிட்டோம். இந்தியாவில் ஆண்டுக்கு 75,000 பெண்களுக்கு மேல் இந்த நோயில் சாகிறார்கள். அந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதன் மேலோடு போன்ற வெறும் புரதக் கூடு, உள்ளே மரபணுவே கிடையாது. குழந்தைப்பேற்றை அது தடுக்காது. இந்த மூன்று வரியை அந்தத் திண்ணையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் பயத்தை அறியாமை என்று தள்ளாதீர்கள். ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த எச்.பி.வி. ஊசித் திட்டம், சில சிறுமிகள் இறந்ததால் 2010இல் நிறுத்தப்பட்டது. சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் விடுதி வார்டன்களிடம் கையெழுத்து வாங்கியதும் அதில்தான் வெளியே வந்தது. விளக்கிச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்த ஆள் நாம்தான்!

நம்மால் ஆகுமா என்பவர்கள் திண்டுக்கல்லைப் பாருங்கள். 2000 முதல் அங்கே பயிற்சி பெற்ற நர்சுகள் இந்த நோயைச் சோதிக்கக் கிராமம் கிராமமாகப் போனார்கள். கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தொட்டு வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளைத் திட்டு எழுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவு எளிய சோதனை! சோதனை நடந்த பகுதியில் இந்த நோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. அவர்களும் நம்மைப்போல் நர்சிங் படித்தவர்கள்தானே?

14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக ஊசி போட 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி ஒதுக்கியது. சரி, போடப்போகிற நமக்கு? நம் வயதில் மூன்று தவணை, கடையில் செர்வாவேக் தடுப்பூசி ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய். மெஸ் பில்லுக்கே வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. நர்சிங் மாணவர்களுக்கு இலவசமாகப் போடு என்று கேட்போம்; கையெழுத்துத் தாள் தயார். பையன்கள் ஒதுங்க வேண்டாம், இந்த வைரஸ் உங்களிடமும் தங்கும், உங்கள் வழியாகவும் பரவும்.

ஞாயிறு காலை பத்து மணி, எங்கள் சிதம்பரம் ஹாஸ்டல் மெஸ் ஹால். கடலூர்த் தோழிகள் எட்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டுவாருங்கள், உங்கள் அம்மா கேட்பதுபோல, கொச்சையாகவே. பதிலை நம் பேச்சிலேயே சொல்லிப் பழகுவோம். திங்கட்கிழமை போஸ்டிங் மறுபடி புவனகிரி. முதலில் அந்தத் திண்ணைக்குத்தான் போகிறேன். யார் யார் கூட வருகிறீர்கள்?