தொழிற்சாலைகளுக்கு நடுவே மிஞ்சிய தீவுகள்

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பாதையைத் தாண்டி மேற்கே ஒரகடம் சாலையில் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கண்டெய்னர் லாரிகளும் நீண்ட மதில்களும்தான். ஆனால் அந்த மதில்களுக்கு இடையே இன்னும் சில துண்டு நிலங்கள் உயிரோடு இருக்கின்றன. திருக்கச்சூர் மருந்தீசர் கோயில் குன்று, ஆப்பூரின் ஔஷதகிரி, கிழக்கே அனுமந்தபுரத்துக் காப்புக்காடு, ஏரிக்கரைகள், மேய்க்கால் நிலங்கள், ஊருக்குப் பாத்தியமான கல்லாங்குத்துகள். கடலில்லாத தீவுகள் இவை. சுற்றிலும் கான்கிரீட்டும் தாருமாக இருக்க, ஒரு செடியோ வண்டோ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே வருகிறது. இந்தத் தீவுகளில் எந்தெந்தச் செடிகளும் பூச்சிகளும் வாழ்கின்றன என்பதை நான்கு பருவங்களிலும் ஆராய்ந்து, ஊர் ஊராகப் பதிவு செய்து முடிக்கும் வரை, இந்தத் தொழில் வழித்தடத்தில் அடுத்த விரிவாக்கத்துக்கு ஒரு ஏக்கர் புறம்போக்கைக்கூட அரசு ஒதுக்கக் கூடாது.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அறிவியல் வரலாற்றிலேயே பெரிய பாடம் உண்டு. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன்பின் அந்தத் தீவில் உயிர் எப்படித் திரும்பியது என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். 1929-இல் பேக்கர் என்ற தாவரவியலாளர் அந்த ஆய்வுகளின் அடிப்படையையே கேள்விக்கு உள்ளாக்கினார். வெடிப்புக்கு முன்பு அங்கே என்னென்ன செடிகள் இருந்தன என்று முறையாக எழுதி வைக்கப்படவில்லை. எல்லாமே அழிந்தனவா என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. பிறகு எது புதிதாக வந்தது, எது தப்பிப் பிழைத்தது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். எதிர்வாதம் செய்தவர்கள் உண்டு. ஆனால் இல்லாத பட்டியலை யாராலும் கொண்டுவர முடியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனையை 1966-67-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எட்வர்ட் வில்சனும் டேனியல் சிம்பர்லாஃபும் செய்தார்கள். கடலோரத்தில் கண்டல் மரங்கள் மட்டுமே நின்ற குட்டித் தீவுகளில் இருந்த பூச்சி, சிலந்தி இனங்களை முதலில் கணக்கெடுத்தார்கள். பிறகு தீவை முழுக்கப் போர்த்தி, நச்சு வாயுவால் அவற்றை அழித்துவிட்டு, என்ன திரும்பி வருகிறது என்று பார்த்தார்கள். ஓராண்டுக்குள் பெரும்பாலான தீவுகளில் இனங்களின் எண்ணிக்கை பழைய அளவை நெருங்கியது. நிலக்கரையிலிருந்து மிகத் தொலைவில் இருந்த தீவு மட்டும் பின்தங்கியது. எண்ணிக்கை மீண்டாலும், வந்தவை எல்லாம் பழைய இனங்களாக இல்லை. முன்கூட்டியே பட்டியல் எடுத்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

நம் வழித்தடத்தில் நடப்பது இந்தச் சோதனையின் நடுப்பகுதி மட்டும்தான். அழிப்பு நடக்கிறது, முன்கணக்கு இல்லை. தீவுகளுக்கு இடையிலான தூரமும் கூடிக்கொண்டே போகிறது. சாலை அகலமாகிறது; இரவு முழுக்க எரியும் விளக்குகள் அந்துப்பூச்சிகளை இழுத்து விடியும்வரை அலைக்கழிக்கின்றன; ஓடையின் இரு கரையும் கான்கிரீட் ஆகிறது.

‘புதர்க்காடுதானே, அதில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய இந்தச் சமவெளிக்கு உரியது உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசான், உலக்கைப்பாலை, காரை, களா, சூரை, ஆதொண்டை என்று குட்டையும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கும். உயர்ந்த மரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது காடாகவே தோன்றாது. வருவாய்த் துறைக் கணக்கிலும் இதில் பாதிக்குப் பெயர் தரிசு. ஆனால் ஒவ்வொரு செடியையும் நம்பி ஒரு பூச்சிக் குடும்பம் இருக்கிறது. ஆடுதின்னாப்பாளை போன பிறகு, அந்தக் குடும்பத்துக் கொடிகளை மட்டுமே தின்று வளரும் ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு வேறு சோறு கிடையாது. எருக்கஞ்செடியில் வளர்வது வெந்தய வரியன். அதே எருக்கம்பூவின் மகரந்தத்தைச் சுமப்பது கன்னங்கரேலென்று ரீங்கரிக்கும் தச்சன் வண்டு. அந்த வண்டு பட்டமரத்தைத் துளைத்துத்தான் கூடு வைக்கும். ‘சுத்தம்’ செய்கிறோம் என்று பட்டமரத்தை அகற்றிவிட்டு நூறு மரக்கன்று நட்டாலும் வண்டு வராது. ஆலுக்கு ஒரு குளவி, அத்திக்கு வேறொரு குளவி. அந்தக் குளவி இல்லையேல் கனியில் விதை இல்லை.

தொழிற்சாலை வளாகத்துப் பசுமை வளையம் இந்த இழப்புக்கு ஈடு என்று அதிகாரிகளும் நிறுவனங்களும் சொல்வதை ஏற்க முடியாது. வரிசையாக நட்ட அயல்நாட்டு அலங்கார மரமும் வெட்டிச் சீராக்கிய புல்தரையும் செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரியும். அவற்றில் என்ன பூச்சி முட்டையிடுகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் அந்தப் பச்சையின் மதிப்பு விளங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் தலையாய வேலை. பல ஆண்டுகள் அது ஏட்டளவில் கிடந்தது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும், நாடெங்கும் லட்சக்கணக்கில் பதிவேடுகள் முளைத்தன. அபராதத்துக்குப் பயந்து அவசரத்தில் எழுதிய பதிவேட்டில் மாமரமும் மாடும் இருக்கும். மழைக்குப்பின் பாறைக்குழியில் சில வாரம் மட்டும் தலைகாட்டும் செடி எப்படி இருக்கும்?

இதைவிடக் கவலை தருவது சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஆய்வு. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் கீழ் நடைமுறையில் பெரும்பாலும் கேட்கப்படுவது, மழைக்காலம் அல்லாத ஒரே ஒரு பருவத்தின் தரவு. செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் மழை என்றால் அது ஐப்பசி, கார்த்திகை. குன்றுகளும் ஏரி உள்வாய்களும் விழித்தெழும் அந்த மாதங்களை விட்டுவிட்டு, மாசியிலோ சித்திரையிலோ வந்து பார்ப்பவருக்குக் காய்ந்த முள்தான் தெரியும். ‘அரிய இனம் எதுவும் காணப்படவில்லை’ என்று அவர் எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் அந்த வரியை நம்பித்தான் நிலத்தின் தலைவிதி முடிவாகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைச் சேர்க்காத எந்த ஆய்வறிக்கையையும் தமிழ்நாட்டில் ஏற்கக் கூடாது.

தொழில் வளர்ச்சிக்கு இது முட்டுக்கட்டை என்ற எதிர்க்குரல் எழும். இந்த வழித்தடம் லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது; அதை நாம் மறுக்கவில்லை. ஆலை வேண்டாம் என்பதல்ல நமது நிலைப்பாடு. எந்தத் துண்டை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரித்துக் காட்ட ஒரு பட்டியல் வேண்டும் என்கிறோம். மதுரை அரிட்டாபட்டியில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனபோது, மக்கள் திரண்டார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்களின் உறுதிதான் முதற்காரணம். ஆனால் அவர்கள் கையில், அங்கே உள்ள பறவைகளும் பாறைகளும் கல்வெட்டுகளும் எவை என்று சொல்லும் ஆவணமும் இருந்தது. ஆப்பூர் மலைக்கும் அனுமந்தபுரத்துக்கும் நாளை அப்படி ஒரு சோதனை வந்தால் கிராம சபை எதை எடுத்து நீட்டும்?

வேலைக்கு ஆளும் அறிவும் இங்கேயே இருக்கின்றன. கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலின் கடைசிப் பகுதி 1936-இல் வந்தது; திருச்சி ராபினாட் தாவரக்கூடத்தின் கே.எம். மாத்யூ, தமிழகச் சமவெளிக்கான தாவர நூலை 1980-களில் தந்தார். செடிகளை இனம் காண இந்த அடிப்படை போதும். பூச்சிகளுக்கு லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனமும், சென்னையிலேயே இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் உள்ளன. சேலையூர்க் காட்டில் 1937-இல் குடியேறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸ் செடிகளைத் தேடித் தேடி ஆராய்ந்தார். அந்த வளாகத்தின் புதர்க்காடு இன்றும் நிற்கிறது. செங்கல்பட்டு மாவட்டக் கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள களப்பணி கிடைக்காது.

இருளர்களை விட்டுவிட்டு இந்தப் பதிவு முழுமை பெறாது. எந்தப் புற்றில் எந்த மழைக்கு அடுத்து ஈசல் கிளம்பும் என்று தெரிந்து, இருட்டில் விளக்கு வைத்துப் பிடித்து, வறுத்துப் பொரியோடு உண்ணும் மக்கள் அவர்கள். தண்டரையில் இருளர் பெண்களின் சங்கம் பல பத்தாண்டுகளாக மூலிகை வளர்த்து வருகிறது. அவர்களை ‘வழிகாட்டி’ என்று ஒரு நாள் கூலிக்கு அழைத்துச் சென்றுவிட்டு, அறிக்கையில் வேறு பெயர்களைப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆய்வாளருக்கு உரிய ஊதியமும், பதிவேட்டில் பெயரும், அந்த அறிவிலிருந்து வரும் பயனில் பங்கும் அவர்களுடையவை. பயன் பகிர்வைச் சட்டமே சொல்கிறது.

பணத்துக்கும் வழி உண்டு. 2013 நிறுவனங்கள் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாவர, விலங்கினப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த நிலத்தில் வாகனம் செய்து விற்கும் நிறுவனங்கள், இந்த நிலத்தின் பூச்சியையும் புல்லையும் எண்ணும் செலவை ஏற்பதே முறை. ஆனால் ஆய்வு செய்பவரை நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. பணம் மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் போகட்டும். பதிவுகள் தமிழில், யாரும் பார்க்கும்படி, ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. அவற்றை விழுங்கிய அலைக்கு நாம் ஆணையிட முடியாது. சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றியுள்ள தீவுகளை விழுங்குவது அரசாணைகள்தான். அரசாணையால் அதை நிறுத்தவும் முடியும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாநிலப் பல்லுயிர் வாரியமும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர்களும் இந்தக் கணக்கெடுப்பை அறிவித்து, ஆப்பூர் மலையிலும் திருக்கச்சூர்க் குன்றிலும் முதல் குழுவை இறக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் ‘எங்கள் ஊர்ப் பதிவேட்டைக் காட்டுங்கள்’ என்று மக்களும் எழுந்து கேட்க வேண்டும்.