மூக்கில் ரத்தமா? மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க
எர்ணாவூரில் ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பழி முதலில் உடம்புச் சூட்டின் மேல் விழும், அடுத்து ஆலைப் புகை மேல். அவர் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர் என்றால், ‘அந்த மாத்திரையை நிறுத்து’ என்பார்கள். ஆபத்தே அங்கேதான். செயற்கை இதய வால்வு வைத்தவர் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டலாம், பக்கவாதமும் வரலாம். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

அண்ணாந்து பார்க்க வேண்டாம், ரத்தம் தொண்டைக்குள் போகும். முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் இறுக்கிப் பிடிக்கணும். நடுநடுவே விட்டு விட்டுப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. அப்படியும் நிற்கலையா, உடனே ஸ்டான்லிக்குக் கிளம்புங்க. நின்றுவிட்டாலும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்து பாருங்க.

முட்டிவலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக்கும் காரணமாக இருக்கலாம். சீட்டில்லாமல் தரக்கூடாத மாத்திரை அது. கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் மெடிக்கல் ஷாப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை, சூட்டைத்தான் திட்டுகிறோம்.